தேர்க்கூட்டத்தில் பிடித்த கை

"துடிப்பு தப்புனா சரிபண்ண நெஞ்சுல வெச்ச கருவி ஷாக் ஏதும் அடிச்சுதாம்மா?"

"இல்லீங்க டாக்டர்," என்றாள் பாவாயி.

அவள் கணவன் நல்லுசாமிக்குச் சிரிப்பு வந்தது. "எனக்குத்தானுங்க அடிச்சுது! நேத்து டிவி பாக்கையில திடீர்னு என் கையைப் புடிச்சா, துள்ளுனா. கேட்டா விக்கல்ங்கறா. எனக்குச் சுரீர்னுச்சுங்க. கல்யாணத்துக்கு முன்னால திருச்செங்கோட்டுத் தேர்க்கூட்டத்துல மொதமொதல்ல புடிச்சாளே, அதே மாதிரி!"

டாக்டர் நிமிர்ந்தார். "அது கருவி அடிச்ச ஷாக்குங்க. தொட்டிருந்ததால உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. ஆம்பளைங்க உடனே ஓடி வந்துடறாங்க. பொம்பளைங்க மறைச்சுடறீங்க."

நல்லுசாமியின் சிரிப்பு நின்றது. "ஏன் புள்ள சொல்லல?"

"ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுட்டா உங்களுக்கு ஆரு சோறாக்கறது?"

"அப்போ ஆசையில புடிக்கலியா?"

"நெஞ்சு படபடன்னு வந்துச்சு, பயந்துட்டேன். அன்னிக்குத் தேர்க்கூட்டத்துலயும் பயந்துதானுங்க புடிச்சேன். அப்பறம் விடத் தோணல."