புருவத்தில் ஒரு கீறல்

"இது என் புள்ளதான்யா. பெத்தவளுக்குத் தெரியாதா?"

மீன் வாசம் அடிக்கும் அந்தத் தாளை மேஜைமேல் விரித்து, ஒரு சிப்பாயின் முகத்தில் விரலை ஊன்றினாள் அந்தத் தாய். லண்டனில் வாரா வாரம் வரும் படப் பத்திரிகை அது. போன மாதத்து இதழ். 'போருக்கு மறுநாள் காலை' என்று படம். கீழே, 'நேரில் கண்டு வரைந்தவர்: எட்வின் பெல்லாமி'.

அந்தப் பெல்லாமிதான் எதிரே உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தார். ரஷ்யாவோடு போர் நடக்கும் கிரீமியாவிலிருந்து திரும்பி நாலு நாள்தான் ஆகியிருந்தது; பத்திரிகை ஆபீசுக்கு அன்றுதான் வந்திருந்தார்.

"முந்தாநாள் மீன் சுத்தி வந்துச்சு இந்தத் தாளு. இடது புருவத்தைப் பாருங்க, குறுக்கால கீறல். ரெண்டு வயசுல அடுப்புக் கம்பிமேல விழுந்தான் எங்க நெட். 'காணவில்லை'ன்னு பட்டாளத்துலேருந்து கடுதாசி வந்து ஏழு மாசம் ஆச்சு. சண்டைக்கு மறுநாள் நிக்கிறானே, அப்ப உசிரோடதானே இருக்கான்?"

குன்றின்மேல் உட்கார்ந்து அவர் பென்சிலால் கிறுக்கியதில் முகமே கிடையாது. முட்டை முட்டையாகப் போட்டு, ஓரத்தில் 'முப்பது பேர். முகங்களை நீங்களே போட்டுக்கொள்ளவும்' என்று எழுதி அனுப்பிவிடுவார். ஆபீஸ் மாடியில் உட்கார்ந்திருக்கும் செதுக்குவேலைக்காரர் டாப்சன், அச்சடிப்பதற்காக அதை மரக்கட்டையில் செதுக்குவார்; முகங்களையும் அவரே போட்டுவிடுவார். உளி நழுவினால் அச்சில் வெள்ளைக் கோடு விழும். அப்படி விழுந்த கோட்டைப் பார்த்துத்தான் தன் மகன் என்கிறாள் இவள்!

"அம்மா, இந்த முகம் வந்து..."

"அங்க சிப்பாய்ங்களுக்குத் துணி துவைக்க ஆள் எடுக்கறாங்களாம். திங்கக்கிழமை கப்பல். நானே போய் ஒவ்வொரு கூடாரமாத் தேடிடுவேன்."

அங்கே காலராவில் கொத்துக்கொத்தாகச் செத்ததைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். இவள் போனால் திரும்ப மாட்டாள். முகம் கற்பனை என்றால் நம்பவும் மாட்டாள்.

"போகாதீங்கம்மா. உங்க பையன் தவறிட்டான். நான் வரைஞ்ச அன்னிக்குச் சாயங்காலமே காலரா. பக்கத்துலதான் இருந்தேன். கடைசியா 'அம்மா'ன்னான். நான்தான் கண்ணை மூடினேன்."

அவள் அந்தக் கீறலை விரலால் தடவினாள்.

"ரொம்ப அவஸ்தைப்பட்டானாய்யா?"

"இல்லம்மா."

"அவன் வந்துடுவான்னு ராத்திரியில கதவைத் தாழ் போடாமலே படுத்துக்கிட்டிருந்தேன். இனிமே போட்டுக்கலாம். நீங்க நல்லா இருக்கணும்யா."

தாளை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் போனாள். பெல்லாமிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. விடுவிடுவென்று மாடியேறினார்.

"ஏன்யா டாப்சன், உளியைப் புடிச்சா கண்ணு எங்க போகுது? புருவத்துல கையை நழுவவிட்டு, ஒரு தாய்கிட்ட என்னைப் பொய் சொல்ல வெச்சிட்டியே!"

டாப்சன் கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடி வில்லையை நிதானமாகக் கழற்றினார்.

"முப்பது வருஷத்துல என் கை நழுவினதில்ல சார். நீங்க பாட்டுக்கு முட்டையாப் போட்டு அனுப்பினா மூஞ்சிக்கு நான் எங்க போவேன்? கிரீமியாவுல ஒரு கையைப் பறிகொடுத்துட்டு வந்த பையன் ஒருத்தன் வாசல்ல நின்னான். அவனை உக்கார வெச்சு, இருக்கிறபடியே செதுக்கினேன். அவன் புருவமே அப்படித்தான். நெட்டுன்னு பேரு."

பெல்லாமி கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஒத்தைக் கையோட அம்மாவுக்குப் பாரமாப் போய் நிக்க மாட்டேன்னான். 'படத்தைப் பார்த்து அவளாத் தேடி வந்தா, அப்பப் போறேன்'னு ஒரு மாசமா நம்ம வாசப்படியிலேயே கிடந்தான். யாரும் வரலை. நேத்துதான் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினான்."

தொப்பிகூட இல்லாமல் பெல்லாமி தெருவுக்கு ஓடினார். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றார். அந்தத் தாய்க்கு எந்த ஊர் என்றுகூட அவர் கேட்டிருக்கவில்லை.