இரண்டு தலை வயர்

"ஐயோ, கையை எடுங்க!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரர் சுவர் ஸ்விட்சின் கைப்பிடியை மேலே தள்ளிவிட்டார்.

மின்விசிறி நின்றது. ஃப்ரிட்ஜ் ஒரு முனகலோடு அடங்கியது. கொல்லையில் ஜெனரேட்டர் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கரண்டியைப் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடினேன். எதிர்க் கம்பத்தில் லைன்மேன் ஏறி நின்றிருந்தான். காற்றில் அறுந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

இழுத்துக்கொண்டேதான் இருந்தான். வாயில் ஏதோ பாட்டு வேறு.

நான்தான் அப்படியே படியில் உட்கார்ந்தேன். சுவரில் இப்போது இருப்பது புது ஸ்விட்ச் என்பது அதற்கப்புறம்தான் என் மரமண்டைக்கு உறைத்தது.

எங்கள் வீட்டுக்காரருக்கு இது ஒரு பழக்கம். கரண்ட் போய்விட்டால் இருப்புக்கொள்ளாது. வந்துவிட்டதா என்று பார்க்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெயின் ஸ்விட்சைத் தூக்குவார். வேண்டாம் என்றால் சரி என்பார். சரி என்ற வாயோடு போய்த் தூக்குவார்.

முந்தாநாள் அடித்த காற்றில் தெரு முழுக்க கரண்ட் இல்லை. அவருடைய இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஜெனரேட்டர் இல்லாமல் எங்களுக்கு ஆகாது.

போன மாதம் அதை வாங்கியபோது, வீட்டோடு சேர்ப்பதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த வழி. ஒரே வயர், இரண்டு முனையிலும் பிளக். ஒரு தலையை ஜெனரேட்டரில் குத்தினால், மறுதலையைச் சுவரில் குத்தினால், வீடு முழுக்க வெளிச்சம். மெயினை மட்டும் இறக்கி வைக்க வேண்டும். அவ்வளவுதானே? நானே உட்கார்ந்து வயரைச் சீவி பிளக் மாட்டினேன். அதில் பெருமை வேறு.

வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் பெண், கொண்டையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு, அந்த வயரைப் பாம்பைத் தூக்குவதுபோல் தூக்கிப் பார்த்தாள்.

"மெயின எறக்காம விட்டா, இந்தக் கரண்ட் தெருக்கம்பிக்குப் போயிரும்மா. கம்பத்துல நிக்கிறவன் செத்தே போவான்."

"நான் மறக்க மாட்டேன்."

"நீங்க மறக்க மாட்டீங்க. வீட்ல வேற யாரும் மெயினத் தூக்க மாட்டாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. வீட்டு விஷயத்தை வந்தவர்களிடமெல்லாம் சொல்ல முடியுமா? "எங்க வீட்டுக்காரருக்கா கரண்டப் பத்தித் தெரியாது?" என்று ஒரு போடு போட்டேன்.

அவள் ஜன்னலடியில் இருந்த ஜெனரேட்டரைக் கொல்லைக் கோடிக்கு நகர்த்தச் சொன்னாள். புகை உள்ளே வந்தால் ஆளையே கொன்றுவிடுமாம். சுவரில் ஒரு சேஞ்ச் ஓவர் ஸ்விட்சைப் பொருத்தினாள். ஒரே கைப்பிடி. மேலே தள்ளினால் தெருக் கரண்ட், கீழே இழுத்தால் ஜெனரேட்டர். இரண்டும் ஒன்றாகச் சேரவே சேராது. பிடிவாதக்காரி என்று அன்று முணுமுணுத்தேன். அவள் போனதும் என் வயரை அலமாரியில் ஒளித்தும் வைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

இன்று அவர் மேலே தள்ளியதும் ஜெனரேட்டர் வீட்டைவிட்டே விலகிவிட்டது. அதனால்தான் ஒருவன் கம்பத்தில் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறான்.

"மகராசி, நீ நல்லா இருக்கணும்" என்று வாய்விட்டே சொன்னேன். எழுந்துபோய்க் கைப்பிடியைக் கீழே இழுத்தேன். ஃப்ரிட்ஜ் மறுபடி முனகியது.

வேலை முடிந்து இறங்கியவன் எங்கள் வாசலில் வந்து தண்ணீர் கேட்டான். சொம்பு நிறையக் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றான்.

எனக்கா நன்றி? அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இவர் என் பின்னாலேயே வந்து நின்றார். அவன் இடுப்பு பெல்ட்டையே பார்த்தார். பிறகு, மூன்று விரல் மட்டும் மிஞ்சிய வலது கையால் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தளர்வாக இருந்தது. ஒரு துளை தள்ளி இறுக்கி மாட்டினார்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். "ஐயாவும் நம்ம லைன்மேன்தானா?"

"முப்பத்தோரு வருஷம்" என்றேன்.

முப்பத்தோரு வருடத்தில் அவர் கீழே நின்று காவல் காத்த ஒருவனுக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. அந்த வேலைக் கதையெல்லாம் வீட்டில் வேண்டாம் என்று அவர் வாயை அடைத்தவள் நான்தான். காது கொடுத்துக் கேட்டிருந்தால் அந்த வயரைச் செய்திருப்பேனா?

அவன் ஐயாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போனான்.

உள்ளே வந்து முதல் வேலையாக அலமாரியிலிருந்து வயரை எடுத்தேன். அவருடைய பழைய கட்டிங் பிளேயரால் இரண்டு தலையையும் நறுக்கினேன்.

அவர் பக்கத்தில் வந்து நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் யார் என்பது அவருக்கு மறந்து ஒரு வருடம் ஆகிறது. மரியாதை மட்டும் மறக்கவில்லை.

"அக்கா, மேல ஒருத்தன் நிக்கிறான். கீழ யாரும் மெயினத் தூக்கிறாம பாத்துக்கிட்டீங்களா?"

"ஒரு பொண்ணு பாத்துக்கிட்டாங்க" என்றேன். "நீங்க கவலப்படாம உக்காருங்க."