வலது மூலையில் மீன்கொத்தி

கடையில் இருந்த எல்லா டிவியிலும் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றில் மட்டும், மைதானத்துக்கு மேலே வலது மூலையில், வெளிறிப்போன ஒரு மீன்கொத்தி.

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பறவை அங்கேயேதான் இருந்தது.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். பாதி ஈரோடு அந்த ஒரு கடைக்குள் நின்றது. அவள் கணவர் பில் போடும் இடத்தில் மேனேஜரைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசிக்கொண்டிருந்தார். எந்த டிவி என்றே இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் பேரம். அவர் அப்படித்தான்.

"அதை விட்ருங்கம்மா," என்றார் விற்பனையாளர். "அது டிஸ்ப்ளேல இருந்த பீஸுங்க. எந்நேரமும் ஒரே நியூஸ் சேனல் ஓடி அதோட லோகோ பதிஞ்சு போச்சு. பிளாஸ்மா டிவில இது ஒரு தொந்தரவுங்க. அதனாலதான் பாதி விலைக்குப் போட்டிருக்கறோம்."

"வேற சேனல் வெச்சாலும் இது தெரியுமா?"

"தெரியுமுங்க. இனி அழியாது."

அந்த மீன்கொத்தியை அவளுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தச் சேனலில் சாயங்காலச் செய்தி வாசிப்பவள் அவள் மகள்.

நித்திலா.

கூட வேலை பார்த்தவனைத் தானே தேடிக் கட்டிக்கொண்டாள் என்று, வீட்டில் அந்தப் பேரையே யாரும் எடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. சுவரில் இருந்த மகளின் படங்களை அவர் ஒரே மத்தியானத்தில் கழற்றி முடித்தார். சேனல் மாற்றும்போது அந்தச் சேனலின் எண் வருகிற இடத்தில் அவர் விரல் இரண்டு முறை அழுத்தும். சுடுகாட்டைத் தாண்டிப் போகிறவனின் வேகம் அதில் இருக்கும்.

அவர் வெளியே போகிற நாளில் அவள் பார்ப்பாள். ஒரு காது மகளுக்கு, ஒரு காது கேட் சத்தத்துக்கு. பெற்ற பெண்ணைத் திருட்டுத்தனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரியும். ஆனாலும் வாயைத் திறந்ததில்லை.

"இதையே போடுங்க," என்றாள்.

விற்பனையாளர் நல்ல மனிதர். பக்கத்தில் இருந்த புதுசைக் காட்டினார். தவணை உண்டு என்றார். கூடவே ஒரு மிக்ஸி இலவசம் என்றார். எதற்கும் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

"அவருகிட்ட நான் சொல்லிக்கறேன்."

டிவியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவளைப் போல. வேறு யாரும் வந்து கேட்டுவிடக் கூடாது.

கணவர் வந்தார். விலை அட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அதற்கப்புறம் திரையைப் பார்க்க அவருக்கு எங்கே நேரம்? பெண்டாட்டிக்குச் சாமர்த்தியம் உண்டு என்று மேனேஜரிடம் போய்ப் பெருமையடித்துக்கொண்டார்.

அவள் மறுக்கவில்லை.

மறுநாள் ஆள் வந்து சுவரில் மாட்டிவிட்டுப் போனான்.

சாயங்காலம் அவர் குளித்து, திருநீறு பூசி, பக்திச் சேனலை வைத்தார். முருகனுக்குப் பாலாபிஷேகம். முருகனுக்கு மேலே, திரையின் வலது மூலையில், மீன்கொத்தி.

மாற்றினார். சமையல் நிகழ்ச்சி. மீன்கொத்தி.

மாற்றினார். பழைய படம் ஒன்று. அதிலும்.

அவருக்கும் அந்தப் பறவையைத் தெரியும். எழுந்து போய்த் தோளில் கிடந்த துண்டால் மூலையைத் துடைத்தார். அழுத்தித் துடைத்தார்.

"அது அழியாதுங்க," என்றாள் அவள், அடுப்படியிலிருந்து.

துண்டும் கையுமாகத் திரும்பினார்.

"தெரிஞ்சேதான் வாங்குனயா?"

"தெரிஞ்சேதானுங்க."

"நாளைக்கே திருப்பிக் குடுத்தர்றேன்."

"அது இங்கதான் இருக்கும். வேணும்னா நீங்க எதுத்த செவுத்தப் பாத்து உக்காருங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. தோசைக்கல்லில் மாவை ஊற்றித் தேய்த்தாள்.

கூடத்தில் ரிமோட் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் தறிக்கூடம் வைத்திருந்தவர். நெய்த துணியில் ஒரு இழை பிசகியிருந்தால்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. இந்தக் கறை தெரியாத இடம் ஒன்று எங்காவது இருக்கும் என்று தேடுகிறார். ஒவ்வொரு சேனலாக. பாட்டு, சண்டை, நகைக்கடை விளம்பரம், ஜோசியம்.

பிறகு ரிமோட் சத்தம் நின்றது.

"வணக்கம். இன்றைய முக்கியச் செய்திகளுடன் நித்திலா."

அவள் தோசைத் திருப்பியோடு நிலைப்படிக்கு வந்தாள்.

திரையில் கறை இல்லை. சேனலின் மீன்கொத்தி, பதிந்துபோன மீன்கொத்தியின் மேல் அச்சாக உட்கார்ந்திருந்தது. இதை அவளும் எதிர்பார்க்கவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை.

பளிச்சென்று ஒரு படம். நடுவில் மகள்.

அவர் விரல் பொத்தானின் மேல் இருந்தது. அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மழைச் செய்தி வந்தது. மஞ்சள் விலை வந்தது. அடுப்பில் தோசை கருகுகிற வாடை வந்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

"படம் இதுலதான் சுத்தமா தெரியுது," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் ரிமோட்டை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்.