ஒட்டுக்கேட்டவர்

பேசி முடித்த கையோடு புது மேனேஜர் சட்டென்று கதவைத் திறந்தார். வெளியே சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார், தட்டுவதற்கு ஓங்கிய கை அந்தரத்தில் நிற்க. கதவில் காதை வைத்திருந்தவர் மாட்டிக்கொண்டதும் கையைத் தூக்கி நடிப்பதாகவே மேனேஜருக்குப் பட்டது.

"எவ்வளவு நேரமா இங்க நிக்கிறீங்க?"

"இப்பதான் சார் வந்தேன். இந்த ரூம்ல ஒரு சின்ன விஷயம்..."

"இந்த ரூம்ல உங்களுக்கு என்ன விஷயம்? எதுவானாலும் வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடியட்டும்."

சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். பாதியில் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையும் மேனேஜருக்குப் பிடிக்கவில்லை.

விஷயம் அப்படிப்பட்டது. அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் வெட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள், இஸ்திரி போடுகிறவர்கள் என்று தனித்தனிப் பிரிவுகள். அவற்றைக் கலைத்து, ஒரு சட்டையை முதல் வெட்டிலிருந்து கடைசிப் பொத்தான்வரை ஒரே குழு முடிப்பதாக மாற்றப் போகிறார்கள். அதைத் தொழிலாளர்களுக்குப் பக்குவமாக விளக்கும் பிரசன்டேஷன், இன்னும் வேலை நிரந்தரமாகாத புது மேனேஜர் தலையில் விழுந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை நீங்க சொல்லித்தான் அவங்களுக்குத் தெரியணும். முன்னாடியே வெளிய போச்சுன்னா, விட்டது யாரோ அவர் வீட்டுக்குப் போயிடலாம்," என்று முதலாளி சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் பயமே.

ஆகவே மேனேஜர் எல்லாவற்றிலும் ஜாக்கிரதையாக இருந்தார். ஸ்லைடுகளை மனைவி கண்ணில்கூடக் காட்டவில்லை. தினமும் மதியம், யாரும் எட்டிப் பார்க்காத மாடி அறையில் ஒத்திகை. ஜன்னலை அடைப்பார், மேசைமேல் செத்த மாதிரி கிடந்த மைக்கைக் கை பழகட்டும் என்று பிடித்துக்கொள்வார், கதவைத் தாழிடுவார். "வணக்கம்" என்று அவர் தொடங்கும்போது கீழே தையல் மெஷின்களின் இரைச்சல்கூட அடங்கிப்போகும். நல்ல கெட்டிக் கதவு என்று நினைத்துக்கொள்வார்.

அப்படியும் செய்தி கசிந்தது.

டீ நேரத்தில் கட்டிங் மாஸ்டர் குறுக்கே வந்து நின்றார். "சார், என்னையும் இஸ்திரிக்காரரையும் ஒரே குழுவுல போட்டுடாதீங்க. அவர் என் மச்சான். வீட்டுலயே பேச்சுவார்த்தை கிடையாது."

"குழுவா? என்ன குழு?" மேனேஜர் பச்சைப்பிள்ளை மாதிரி கேட்டார்.

"சும்மா சொன்னேன் சார்," என்று மாஸ்டர் கண்ணடித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து, பொத்தான் பிரிவில் எல்லோரும் பொத்தான் அக்கா என்று கூப்பிடும் அம்மாள். "மாற்றம்னா முதல்ல கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், புதுச் சட்டை மாதிரி. போடப் போடச் சரியாயிடும். இல்லையா சார்?" என்றார். மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. அது அவர் முந்தின நாள்தான் உரையில் சேர்த்த வரி. வார்த்தை பிசகவில்லை!

கதவருகே நின்ற ஆளைத் தவிர வேறு யாராக இருக்கும்? மேனேஜர் பொறி வைத்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு மட்டும் சொல்றேன். இஸ்திரிப் பிரிவு மொத்தமும் மாடிக்குப் போகுது," என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்.

"சார், மாடின்னதும்தான்... அந்த ரூம்ல..."

"அப்புறம், அப்புறம்."

மறுநாள் இஸ்திரிப் பிரிவு மாடிக்குப் போவதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. உண்மைத் திட்டம் மட்டும் இன்னும் விவரமாகப் பரவியிருந்தது. பொய்யை வடிகட்டிவிட்டு உண்மையை மட்டும் விற்கிறான், பலே ஆள் என்று மேனேஜர் பல்லைக் கடித்தார். அன்றைய ஒத்திகையில் உரையின் முடிவில் சூப்பர்வைசருக்கென்றே ஒரு பகுதி சேர்த்துக்கொண்டு, குரலை ஏற்றியும் இறக்கியும் அதையும் பேசிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் கூடினார்கள். முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் ஒரு ஸ்லைடைப் போட்டால் கூட்டம் அடுத்த ஸ்லைடுக்கும் சேர்த்துத் தலையாட்டியது. ஜோக்கைச் சொல்லி முடிக்கும் முன்பே சிரித்தது. புதுச் சட்டை வரியைப் பின்வரிசை அவரோடு சேர்ந்தே சொன்னது.

முதலாளியின் சிரிப்பு மறைந்துவிட்டது. "என்ன மேனேஜர், இவங்களுக்கு எல்லாமே முன்னாடியே தெரியும் போல இருக்கே?"

இதற்காகவே காத்திருந்தவர்போல் மேனேஜர் நிமிர்ந்தார். "ஆமா சார். கூட இருந்தே குழி பறிச்ச ஒருத்தர் இந்த ஹால்லயே இருக்கார்."

அவர் பெயரைச் சொல்லவில்லை. அதற்குள் மொத்தக் கூடமும் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தது. பார்வையில் கோபமில்லை, பரிதாபம்தான் இருந்தது.

"பாருங்க சார், அவங்களே காட்டிக் குடுத்துட்டாங்க!"

சூப்பர்வைசர் எழுந்தார். "சார், நானும் அன்னிலேர்ந்து இதைத்தான்..."

"உக்காருங்க! உங்க கதையெல்லாம் வேண்டாம்."

முதலாளி இருவரையும் கையமர்த்தினார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "யாரும் பயப்பட வேண்டாம். இன்னிக்கு ஒருத்தரை நான் வீட்டுக்கு அனுப்பணும். உங்களுக்கு இதையெல்லாம் யார் சொன்னது?"

கூடம் நெளிந்தது. கட்டிங் மாஸ்டர், பேச்சுவார்த்தை இல்லாத மச்சானின் முகத்தையே பார்த்தார். கடைசியில் பொத்தான் அக்காதான் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"மேனேஜர் சார்தான். அவர் மாடியில பேசிப் பார்க்கிறதெல்லாம் தினமும் கீழ ஸ்பீக்கர்ல வருதே!"