ஒன்றரை ஸ்டார்

"ஒன்றரை ஸ்டாரா சார்? இது அச்சானா நாளைக்கே எல்லாத் தியேட்டர்லயும் படத்தைத் தூக்கிடுவாங்க." விமர்சகரின் கம்ப்யூட்டரைப் பார்த்த புது இயக்குநருக்குக் குரல் உடைந்தது. பத்திரிகை அலுவலகமே அவளைத் திரும்பிப் பார்த்தது.

"எழுதினது எழுதினதுதான்," என்றார் விமர்சகர்.

"என்ன குறைன்னாவது சொல்லுங்க. இனிமே எவன் என்னை நம்பிப் படம் தருவான்?"

அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"குறையே இல்ல. சமீபத்துல இப்படி ஒரு படம் பாக்கல. நியாயமா நாலு ஸ்டார் போடணும்."

"அப்புறம் ஏன்?"

"நாலு போட்டா, பொண்ணு படம்னு அப்பன் அள்ளி விட்டுட்டான்னு ஊரே பேசும்."

"உங்க பேரைக் காப்பாத்த என் வாழ்க்கைதான் கெடச்சுதாப்பா?"

அவர் திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பக்கத்தை அச்சுக்கு அனுப்பினார்.