ஒன்பதாவது நிபந்தனை

"முகுந்தேட்டன் வீட்டுக் கல்யாணம். அதுல வெடி இல்லைன்னா எப்படி ஏச்சி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான் லினீஷ்.

வனஜா டீத் தட்டை மேஜையில் வைத்தாள். ஈரமில்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

லினீஷ், மாப்பிள்ளை ரிஜேஷின் கூட்டாளி. வனஜா அவனுக்கு ஏச்சி, அதாவது அக்கா முறை. அவனோடு மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் தாய்மாமனும் கல்யாண ஏற்பாடு பேச வந்திருந்தார்கள். மேஜையில் பஞ்சாயத்தின் பசுமைக் கல்யாணப் படிவம் கிடந்தது. மொத்தம் ஒன்பது நிபந்தனை. இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

எட்டு வரைக்கும் தகராறு இல்லை. ஸ்டீல் டம்ளர், வாழையிலை, ஃப்ளெக்ஸுக்குப் பதில் துணி பேனர், தெர்மாகோலுக்குப் பதில் குருத்தோலை. தண்ணீர் பாட்டிலாவது இருக்கட்டுமே என்று தாய்மாமன் முனகிப் பார்த்தார். சீரகத் தண்ணீர் உண்டு என்றதும் அடங்கிவிட்டார்.

ஒன்பதாவது, பட்டாசு கூடாது.

அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற எட்டையும் வனஜா தலையில் கட்டிக்கொண்டாள். சுற்றுச்சூழலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அரைக் கிலோ மத்திக்கு இரண்டு பிளாஸ்டிக் பை கேட்டு வாங்குகிறவள். பஞ்சாயத்துச் சுவரில் அந்த ஒன்பதாவது வரியைப் படித்த அன்றுதான் பசுமைக்காரி ஆனாள்.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் அவள் புருஷன் முகுந்தன் உட்கார்ந்திருந்தார்.

ஒரு காலத்தில் முகுந்தேட்டன் வருகிறார் என்றால் எதிர்க்கட்சிக்காரன் கடை ஷட்டரை இறக்கிவிடுவான். அவருடைய இடது கையில் இரண்டு விரல் கிடையாது; கட்சிச் சண்டையில் குண்டு வெடித்துப் போனவை. அந்தக் கையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிற பையன்கள் கண்ணூர்ப் பக்கத்தில் இன்றைக்கும் உண்டு. லினீஷும் அதில் ஒருவன்.

போன விஷுப் பண்டிகைக்குப் பக்கத்து வீட்டில் சரவெடி கொளுத்தினார்கள். அவரைக் காணோமே என்று தேடிப்போன வனஜா, கட்டிலுக்கு அடியில் கண்டாள். அலறல் வெளியே கேட்காமலிருக்க வாயில் துண்டைத் திணித்துக்கொண்டிருந்தார். வேட்டி நனைந்திருந்தது.

அவளையும் மகள் ஷிஜினாவையும் தவிர இது ஈ காக்கைக்கும் தெரியாது.

அந்த மனுஷன்தான் நானூறு பேருக்கு முன்னால் பந்தலில் நின்று மகளைக் கைபிடித்துக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைக் கூட்டமோ வாசலில் வெடி போட்டுவிட்டுத்தான் உள்ளே வரும். இதை நினைத்து நினைத்து அவளுக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

"பஞ்சாயத்துல போட்டிருக்கே மோனே. புகை, குப்பைன்னு எத்தனை கெடுதி இருக்கு" என்றாள். குரல் தேய்ந்துதான் வந்தது.

இதற்காகவே காத்திருந்தவன்போல லினீஷ் எழுந்து போய், பைக்கில் தொங்கிய பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தான். பெட்டியின் மேல் பச்சையாக ஓர் இலை அச்சிட்டிருந்தது.

"பச்சைப் பட்டாசு ஏச்சி. புகை கம்மி, குப்பை கம்மி. பஞ்சாயத்துலயும் கேட்டுட்டேன், இதுன்னா சரின்னுட்டாங்க."

வனஜா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"சத்தம்?"

"அதைப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாம். சத்தத்துல ஒரு குறையும் வராது" என்று அவளைத் தேற்றினான்.

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். பழைய பகை பாக்கி வைத்திருப்பவன் எவனாவது வாசலில் ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டு வேடிக்கை பார்ப்பான். தனக்கு நெஞ்சுவலி, சத்தம் ஆகாது என்று சொல்லிவிடத் தீர்மானித்து வாயைத் திறந்தாள்.

அதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது.

முகுந்தன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். லினீஷ் சட்டென்று நிமிர்ந்து நின்றான்.

"வெடிக்கட்டும்டா. கண்ணூர்க் கல்யாணம்தானே" என்றார் முகுந்தன்.

குரலில் பிசிறே இல்லை. வலது கை மட்டும் கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தது. விரல்நகங்கள் வெளுத்திருந்ததை வனஜா பார்த்தாள்.

"ஆனா அன்னைக்கு நான் இருக்க மாட்டேன். பழைய கேஸ் ஒண்ணு. கோர்ட்டுல காலையிலேயே பேரைக் கூப்பிடுவாங்க, போகாம முடியாது."

"அப்போ மோளோட கையைப் பிடிச்சுக் குடுக்க?" என்று திகைத்தார் தாய்மாமன்.

"அவ மாமன் இருக்கானே."

சமையலறை வாசலில் நின்ற ஷிஜினா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்பா மேல் இருந்த கடைசி வழக்கு முடிந்து மூன்று வருஷமாகிவிட்டது என்பது அவளுக்கும் தெரியும்.

லினீஷுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்சிக்காக இந்த மனுஷன் இன்னும் என்னென்ன இழக்க வேண்டுமோ என்று தாய்மாமனிடம் தழுதழுத்தான். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். சம்மதம் கிடைத்த தைரியத்தில் லினீஷ் பேனாவை எடுத்து ஒன்பதாவது வரியின் குறுக்கே ஒரு கோடு கிழித்தான்.

அதுவரை கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை மெதுவாகத் தலையை நிமிர்த்தினான். சுவரில் தொங்கிய காலண்டரில் சிவப்பு எழுத்தில் இருந்த கல்யாணத் தேதியைப் பார்த்தான். பிறகு கதவு நிலையைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தான்.

வனஜாவும் காலண்டரைப் பார்த்தாள்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.