முந்தி அடித்த மணி

டிங்!

நேரம் பார்க்க முன்னால் உட்கார்ந்திருந்த எமில்டா மணி அடித்துவிட்டாள்.

மைக் முன்னால் நின்ற விஜிலா பாதிப் பேச்சில் திரும்பிப் பார்த்தாள். இப்போதுதான் நடுக்கம் விட்டுப் பேச்சு சூடுபிடித்திருந்தது.

"யக்கா, இன்னும் பாதி நேரம் இருக்கே..."

"மணி அடிச்சா எறங்கணும். மன்றத்துச் சட்டம் தெரியும்லா? எறங்கு!"

கோயில் ஹாலில் நடக்கும் பெண்கள் பேச்சு மன்றம் அது. மாதா திருவிழா மேடையில் பேச, இன்றைக்கு ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேச்சை முடிக்காதவளுக்கு இடம் கிடையாது.

எட்டாவதோடு நின்றவள் விஜிலா. ஆள் முகம் பார்த்துப் பேசவே கூசுகிறவள், அந்த மேடைக்காகவே மன்றத்தில் சேர்ந்தாள். மீன் கழுவிக்கொண்டே பேசிப் பழகினாள். "ஏளா, மீனு கைதட்டுச்சா?" என்று புருஷன் பெவின் கேலி பண்ணியதையும் பொறுத்துக்கொண்டாள்.

அடுத்துப் பேசக் கூப்பிட்டது ஸ்டெபியை. எமில்டாவின் மகள்.

பின் வரிசையில் குசுகுசுப்பு கிளம்பியது.

"பாத்தியாளா? மவளுக்கு வழி உண்டாக்குதா."

"ஜெபம் சொல்லுத வாயப் பாரு, செய்யுத வேலையப் பாரு!"

விஜிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குள் ஓடினாள். பின்னாலேயே வந்த எமில்டா கதவைச் சாத்தினாள்.

"நான் என்னக்கா பாவம் செஞ்சேன்? இப்பிடி அசிங்கப்படுத்திட்டீயளே!"

எமில்டா பையிலிருந்து ஒரு துவாலையை எடுத்து நீட்டினாள்.

"குனிஞ்சு பாருளா."

ரவிக்கை நனைந்து, சேலையிலும் ஈரம் படர்ந்திருந்தது. வராந்தாவில் பெவின் கையிலிருந்த பிள்ளை வீறிட்டதும் பால் சுரந்திருக்கிறது. பேச்சு வேகத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

விஜிலாவுக்கு உடம்பே கூசிப்போனது.

"யக்கா... எல்லாரும் பாத்துட்டாவளா?"

"முன்னால இருந்த எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது. இன்னுங் கொஞ்சம் விட்டா ஹாலே பாத்திருக்கும். பிள்ளைய வாங்கித் தாரேன், மொதல்ல பசியாத்து. பொறவு துவாலைய உள்ள வச்சு, சேலைய இழுத்துச் சொருவிக்கோ."

"பேச்சு போச்சேக்கா..."

"அத நான் பாத்துக்கிடுதேன்."

பிள்ளை மடியில் கிடந்து பால் குடித்துக்கொண்டிருந்தபோது, ஹால் மைக்கில் எமில்டாவின் குரல் கேட்டது.

"எம் மவ ஜெயிக்கணுங்கிற ஆசையில, நேரத்துக்கு முந்தி மணி அடிச்சுட்டேன். தப்பு எம்மேலதான். விஜிலா மொதல்ல இருந்து பேசட்டும்."